பாட்டிக்கு மறதியா, பள்ளிக்கூடம் போகாத குறையா?

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள சிகாமட், ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த ஊர். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை அந்த மாவட்டத்துக் குடும்பங்களின் உடல்நலத்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து வருகிறது. ஒரே முறை வந்து கேட்டுவிட்டுப் போனால் போதாதா? போதாது.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில், ஒரு வீட்டில் 75 வயதுப் பாட்டி, 50 வயது மகன், 20 வயதுப் பேத்தி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டம் போட்டு, எண்களை எழுதி, பதினொன்று பத்தைக் காட்டும் கடிகாரம் வரையச் சொல்கிறோம். மருத்துவர்கள் மறதிநோயைக் கண்டுபிடிக்க வைக்கும் வழக்கமான சோதனை இது. பேத்தி மளமளவென்று வரைந்துவிடுகிறாள். பாட்டி பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பன்னிரண்டும் ஆறும் ஒரே பக்கம் வந்து விழுகின்றன. வயசாகிவிட்டது, மூளை மங்கிவிட்டது என்று எழுதிவிடலாமா? மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டு ரப்பர் மரம் சீவப் போனவர் அவர். படிப்புக் குறைந்தவர்கள் இந்தச் சோதனையில் தடுமாறுவது ஆய்வாளர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்.

தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கு இந்தச் சிக்கல் பழக்கம். ஒரு நிரையில் ரப்பர் பால் குறைந்தால், மரம் கிழடாகிவிட்டதா என்று பார்ப்பார். ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டு ரகமா, விதையில் முளைத்த பழைய நடவா என்று பார்ப்பார். இந்த வருஷம் வறட்சியா என்றும் யோசிப்பார். மனிதர்களிலும் இதே மூன்றுதான்: வயது, பிறந்த தலைமுறை, நடக்கும் காலம்.

அமெரிக்க உளவியலாளர் வார்னர் ஷாயி 1956-இல் சியாட்டிலில் 500 பேரைச் சோதித்தார். ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அவர்களையே தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார். வெவ்வேறு வயதுக்காரர்களை ஒரே நாளில் ஒப்பிட்டால் அறிவுத்திறன் இளவயதிலேயே சரியத் தொடங்குவதுபோலத் தெரிந்தது. அதே ஆட்களைப் பின்தொடர்ந்தபோதோ பெரும்பாலான திறன்கள் நடுவயதுவரை நின்றன, சில கூடவும் செய்தன. தெளிவான சரிவு அறுபதுக்குப் பிறகுதான். வேகம் மட்டும் முன்னாலேயே குறைந்தது. ‘சரிவு’ என்று நினைத்ததில் பெரும்பங்கு தலைமுறை வித்தியாசம்.

சரி, பின்தொடர்ந்தால் தீர்ந்ததா? இல்லை. திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பழகிவிடும். அதனால் ஷாயி ஒவ்வொரு சுற்றிலும் புது ஆட்களையும் சேர்த்தார். அதற்கும் மேலே ஒரு கணக்குப் பூட்டு இருக்கிறது. 2024-இலிருந்து 1949-ஐக் கழித்தால் 75. சோதிக்கும் ஆண்டு, பிறந்த ஆண்டு இரண்டும் தெரிந்தால் வயது தானாக வந்துவிடும். ஆக, மூன்றின் விளைவையும் தனித்தனியாகப் பிரிக்க எந்தப் புள்ளிவிவரச் சூத்திரத்தாலும் தனியாக முடியாது. வெளியிலிருந்து தகவல் வேண்டும்.

இதற்காகப் பல துறைகள் கைகோர்ப்பதை நிதி கேட்பதற்கான அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோட்டத்துப் பள்ளி எதுவரை இருந்தது, ரப்பரை அழித்து எப்போது செம்பனை நட்டார்கள் என்பதையெல்லாம் வரலாறு தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது; அது பேத்தியின் படிப்பையும் பாட்டியின் கிளினிக் பயணத்தையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் பாதிப்பு ஒன்றல்ல. 1990-இல் தொடங்கிய பெர்லின் முதுமை ஆய்வில், 70 முதல் 100-க்கு மேற்பட்ட வயதுடைய 516 பேரை உளவியலாளர், மனநல மருத்துவர், முதியோர் மருத்துவர், சமூகவியலாளர் எல்லோரும் சேர்ந்தே ஆராய்ந்தார்கள்.

இந்த மாதிரி ஆய்வுகளில் கைப்பிடி வலுவையும் அளப்பார்கள். ஆயுள் முழுக்க மரம் சீவும் உளி பிடித்த கையையும் ஆபீஸ் கையையும் ஒரே அட்டவணையில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் பெரிய தலைவலி, ஆள் விட்டுப்போவதுதான். லயத்தைக் காலி செய்து கிள்ளான், ஷா ஆலம் போன்ற நகரங்களுக்குப் போனவர்கள் பட்டியலிலிருந்து நழுவிவிட்டால், மிஞ்சியவர்களை வைத்து எடுக்கும் முடிவு கோணலாகிவிடும். வீட்டு முகவரியை நம்புவதைவிட, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா அன்று ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் பாதிப் பேரைப் பிடித்துவிடலாம் என்பது என் யோசனை.