வெள்ளிக்கு மெருகு ஏறுவது எப்படி? எந்த மோட்டார் வாங்கலாம்?

வேளச்சேரியில் வீட்டிலேயே வெள்ளி, செம்பு நகைகள் செய்யும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தேய்க்கவும் பாலிஷ் போடவும் ஒரே ஒரு மெஷின்தான் வாங்க முடியும். கையில் பிடிக்கும் ரோட்டரி டூலா, தொங்கும் மோட்டாரா, துணிச் சக்கரம் சுழலும் பஃப் மெஷினா? எத்தனை வாட் பார்க்க வேண்டும்?”

வாட்டை விட்டுவிடுங்கள். சக்கரத்தின் விளிம்பு என்ன வேகத்தில் ஓடுகிறது, நகையை வைத்து அழுத்தும்போது அந்த வேகம் விழாமல் நிற்கிறதா, இந்த இரண்டும்தான் முக்கியம். ஏன் என்பது வெள்ளியின் மேற்பரப்பில் நடப்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால் விளங்கும்.

ஒளி எதிரொளிப்பு பள்ளிப் பாடம்தான். மேற்பரப்பின் மேடுபள்ளம் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது 0.4 முதல் 0.7 மைக்ரானைவிட, நன்றாகச் சிறுத்துவிட்டால் முகம் தெரியும். பெரிதாக இருந்தால் ஒளி சிதறி மங்கலாகும். அரம் போட்ட பிறகு 400, 600, 800, 1200 என்று வாட்டர் பேப்பரில் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளில்) ஏறிக்கொண்டே போவது இதற்காகத்தான். 400-ஆம் எண் தாளின் துகள் சுமார் 35 மைக்ரான், 1200-இல் சுமார் 15. ஒவ்வொரு எண்ணுக்கும் திசையை மாற்றி, முந்தைய கோடுகளுக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். பழைய கோடு ஒன்றுகூடத் தெரியாதபோதுதான் அடுத்த தாளை எடுக்கலாம். இங்கே அவசரப்பட்டால் பஃபில் போட்ட பிறகு அந்தக் கீறல், ஓரம் மழுங்கி, பளபளவென்று அப்படியே நிற்கும்.

இதுவரை நடந்தது வெட்டு வேலை. பஃபில் ரூஜ் தடவித் தேய்க்கும்போது நடப்பது என்ன? ரூஜ் என்பது மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு. மெருகும் ஒருவகைத் தேய்ப்புதான், கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை, அவ்வளவே என்றார் நியூட்டன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் வேதியியலாளர் ஜார்ஜ் பெயில்பி இதை மறுத்தார். மேல் அடுக்கு உலோகம் திரவம்போல் வழிந்து பள்ளங்களை மூடிக்கொள்கிறது என்பது அவர் கட்சி. 1937-இல் பவுடன், ஹியூஸ் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனை இந்த வழக்குக்குள் கற்பூரத்தைக் கொண்டுவந்தது. ஆம், நம் பூஜையறைக் கற்பூரமேதான். பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் கலந்த ‘வுட்ஸ் மெட்டல்’ என்ற கலவை சுமார் 70 டிகிரியில் உருகிவிடும். கற்பூரத்தின் உருகுநிலை 178 டிகிரி. நகத்தால் நசுக்கக்கூடிய கற்பூரம் அந்த உலோகத்துக்கு மெருகேற்றியது! அதே கற்பூரத்தால் வெள்ளீயத்தையோ துத்தநாகத்தையோ ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றின் உருகுநிலை கற்பூரத்தைவிட அதிகம். எது கடினம் என்பதைவிட, உரசும் புள்ளியில் எது முதலில் இளகுகிறது என்பதே இங்கே தீர்ப்புச் சொல்லியது.

வழக்கு அத்தோடு முடியவில்லை. மெருகேறிய பரப்பிலும் நுண்கீறல்கள் இருப்பது எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது. ஆக, நுண்ணிய வெட்டும் நடக்கிறது. சூட்டிலும் அழுத்தத்திலும் மேல் அடுக்கு நசுங்கி நகரவும் செய்கிறது. எதன் பங்கு எவ்வளவு என்பது உலோகத்தையும், ரூஜ் போன்ற மெருகு மருந்தையும், வேகத்தையும் பொறுத்தது. பட்டறையில் பஃப் போடுபவரின் விரல் நுனியில் இவ்வளவு இயற்பியல் ஓடுகிறது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

இனி மோட்டார். மூன்று அங்குல, அதாவது 75 மி.மீ. துணிப் பஃப் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் ஓடினால் விளிம்பு வேகம் நொடிக்கு 11 மீட்டர். 25 மி.மீ. ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) சக்கரம் அதே வேகத்தைத் தொட 8,400 சுற்று போதும். அதையே ரோட்டரி டூலில் மாட்டி 35,000-க்கு முறுக்கினால் நொடிக்கு 46 மீட்டர், மணிக்கு 165 கிலோமீட்டர்! மருந்து சக்கரத்தில் நிற்காமல் முகத்தில் தெறிக்கும், மெல்லிய தண்டு வளையும், வெள்ளி கொதிக்கும்.

கொதிப்பதையும் கணக்குப் போடலாம். 200 கிராம் எடை அளவுக்கு அழுத்துகிறீர்கள், உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், 11 மீட்டர் வேகத்தில் எழும் வெப்பம் சுமார் 11 வாட். அதில் பாதிதான் 5 கிராம் மோதிரத்துக்குப் போகிறது என்றாலும் நொடிக்கு ஏறக்குறைய 5 டிகிரி ஏறும். ஆறு நொடியில் விரல் தாங்காது. 46 மீட்டரில் இது நான்கு மடங்கு. முத்தும் ஓப்பலும் பசையில் ஒட்டிய கல்லும் இங்கேதான் கெட்டுப்போகின்றன. கல் பதிக்கும் முன்பே மெருகை முடித்துவிடுங்கள்.

அப்படியானால் ரோட்டரி டூலை 8,000-க்குக் குறைத்து ஓட்டலாமே என்று தோன்றும். சுற்றைக் குறைத்தால் அதன் முறுக்கு விசையும் விழும், அழுத்தினால் திணறும். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில்தான் இருக்கிறது, அதுவும் மெதுவாகிவிடும். சென்னை மே மாதத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் கையில் பிடிக்க முடியாது. துளை போட, நுணுக்கமாகச் செதுக்க அது நல்ல கருவி. மெருகுக்கு இல்லை.

வாசகிக்கு என் பதில் தொங்கும் மோட்டார், காலால் மிதிக்கும் பெடலோடு. மோட்டார் கொக்கியில் தொங்க, சுழற்சி மட்டும் ஒரு வளைகுழாய் வழியாகக் கைப்பிடிக்கு வருவதால் கையில் எடையும் சூடும் இல்லை. குறைந்த சுற்றிலும் இழுவை நிற்கும். 0 முதல் 4 மி.மீ. வரை பிடிக்கும் சாவி வைத்த கைப்பிடியாகக் கேளுங்கள். நகை வேலைக்கான 2.35 மி.மீ. தண்டும் ரோட்டரி டூலின் 3.2 மி.மீ. தண்டும் அதில் பொருந்தும். வளைகுழாய் அகலமான வளைவில் தொங்கும்படி கொக்கியின் உயரத்தை வையுங்கள். மடக்கினால் உள்கம்பி உரசிச் சூடாகி அறுந்துவிடும். பஃப் மெஷின், வளையல், டாலர் என்று அகலமான பரப்புகள் நிறைய வரும்போது வாங்கினால் போதும்.

சங்கிலியை மட்டும் எந்தச் சக்கரத்திலும் காட்டாதீர்கள். சுற்றிக்கொண்டு விரலையும் இழுக்கும். அதற்கு உருளும் டிரம் இருக்கிறது: ஒரு கிலோ ஸ்டெயின்லெஸ் எஃகுக் குண்டு, மூழ்கத் தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு மூன்று மணி நேரம். குண்டுகள் வெட்டுவதில்லை, அழுத்தி நீவுகின்றன. சாதா எஃகுக் குண்டு நம் ஊர் ஈரக் காற்றில் துருப்பிடித்து வெள்ளியைக் கறையாக்கும்.

மருந்து இரண்டு போதும். முதலில் ரூஜைவிடச் சற்றுக் கரடாக வெட்டும் பழுப்பு டிரிப்போலி, பிறகு ரூஜ். நடுவில் வெந்நீரும் சோப்பும் போட்டு மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பஃப், தனி டப்பா. ரூஜ் பஃபில் நாலு டிரிப்போலித் துகள் ஏறினால் அந்தப் பஃப் தொலைந்தது. மெருகேற்றிய வெள்ளி கறுத்தால் கண் திருஷ்டி என்பவர்களுக்கு ஒன்று: காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் கறுக்க வைக்கிறது. கூவத்து நாற்றத்திலும் அந்த வாயு இருக்கிறது.

கண்ணைக் காக்கும் கண்ணாடி, என்95 முகக்கவசம் கட்டாயம். கையுறை வேண்டாம், துணி சிக்கினால் கையோடு இழுக்கும். முந்தானை, துப்பட்டா, கூந்தல் எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள். கல்லைத் தேய்த்தால் தண்ணீர் விட்டுத்தான். உலர்ந்த சிலிக்காத் தூசு நுரையீரலை மீளாமல் கெடுக்கும். தூசியை உறிஞ்சும் மலிவான சிறு பட்டறை மேசை ஒன்றை உருவாக்க நம் ஆய்வு நிதியில் ஒரு பங்கு போக வேண்டும். பெரிய திட்டங்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் கொஞ்சமாவது இதற்கும் தகும்.

சவுகார்பேட்டையில் கடையேறினால் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பிடியில் மெல்லிய பர் (செதுக்கும் சிறு முனை) ஒன்றை மாட்டி மெதுவாக ஓடவிடச் சொல்லுங்கள். முனை ஒரே புள்ளியாக நின்றால் நல்லது. சிறு வட்டம் போட்டால், தண்டைப் பிடிக்கும் சக் கோணல். அந்த ஆட்டம் நகையில் அலையலையாக விழும். வேறு கைப்பிடி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.