பூஸ்ட் மீட்டரைப் பார்த்துச் செலவு செய்யாதீர்கள்

இந்த வாரம் பிரித்த எஞ்சினில் மூன்றாவது பிஸ்டனின் ரிங் உட்காரும் பள்ளத்துச் சுவர் உடைந்து துண்டாகக் கையோடு வந்தது. இதே மாதிரி எத்தனை பிஸ்டன் பார்த்தேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன், ஆனால் இந்த வண்டியின் ஓனர் என் முன்னால் நின்று "அண்ணே, நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு, திடீர்னு போயிடுச்சு" என்று சொன்னபோது இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

திடீரென்று எதுவும் போகவில்லை. அது டர்போ வண்டி, அதாவது எக்ஸாஸ்ட் வேகத்தில் சுற்றும் டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் ஏற்றும், அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அந்த வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிச்சக் காற்றைச் சீறி வெளியே விடும் ப்ளோ-ஆஃப் வால்வு இருந்தது, பானெட்டுக்குள் திறந்தபடி நிற்கும் கூம்பு ஃபில்டர் இருந்தது, வாய் அகன்ற சைலன்சர் இருந்தது, கண்ணெதிரே பூஸ்ட் மீட்டர் இருந்தது, எந்த வண்டிக்காகவோ எழுதப்பட்டு யாரிடமிருந்தோ வாங்கி ஏற்றிய 'ஸ்டேஜ் 2' ரீமேப்பும் (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வின் மென்பொருளை மாற்றுவது) இருந்தது. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் மட்டும் கம்பெனியில் வந்த அதே சின்னது. பிளக் 60,000 கிலோமீட்டர் ஓடியது, முனை தேய்ந்து இடைவெளி அகன்று கிடந்தது. ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால் யோசிக்கிறார். காதுக்கும் கண்ணுக்கும் பட்டது எல்லாவற்றுக்கும் காசு போயிருக்கிறது, எஞ்சினுக்கு ஒன்றுமே போகவில்லை.

சரி, எனக்கு அதிகம் எரிச்சல் தரும் விஷயத்துக்கே முதலில் வருகிறேன். "என் வண்டி 1.4 பார் பூஸ்ட் அடிக்குது" என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது பவரின் அளவு அல்ல. அந்த மீட்டர் காட்டுவது எஞ்சினுக்குள் போன காற்றை அல்ல, உள்ளே போக வழியில்லாமல் இன்டேக் மேனிஃபோல்டில் முட்டிக்கொண்டு நிற்கும் காற்றின் அழுத்தத்தை. வாசல் குறுகலாக இருந்தால் நெரிசல் அதிகம், வாசலை அகலமாக்கினால் அதே கூட்டம் நெரிசல் இல்லாமல் உள்ளே போய்விடும். சிலிண்டர் ஹெட்டில் காற்றுப் பாதையைச் சரிசெய்த எஞ்சினை, பவரை அளக்கும் டைனோவில் ஏற்றினால் பூஸ்ட் குறைந்து பவர் கூடியிருப்பதைப் பார்க்கலாம். ஓனர் முகம் வாடிவிடும், மீட்டரில் முள் இறங்கிவிட்டதாம்.

எஞ்சினுக்குத் தேவை அழுத்தம் அல்ல, காற்றின் எடை. ஒரே அழுத்தத்தில் இருக்கும் காற்று 30 டிகிரியில் இருப்பதற்கும் 70 டிகிரியில் இருப்பதற்கும் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் வித்தியாசம், மீட்டர் இரண்டுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். டர்போ காற்றை அழுத்தும்போது எவ்வளவு சூடாக்குகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி காற்றை 1 பார் பூஸ்டுக்கு, 70 சதவீதத் திறனோடு அழுத்தினால் டர்போவிலிருந்து அது சுமார் 125 டிகிரியில் வெளியே வரும். அதே சின்ன டர்போவை 1.4 பாருக்கு விரட்டினால் அதன் திறனும் விழுகிறது. 60 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் காற்று 170 டிகிரியைத் தாண்டிவிடும். கூடவே டர்போவில் எக்ஸாஸ்ட் சுற்றிவிடும் டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் அழுத்தமும் ஏறிக்கொண்டே போய், எரிந்த புகை சிலிண்டரைவிட்டு முழுதாக வெளியேறாமல் தங்குகிறது. இவ்வளவு சூட்டை அந்தச் சின்ன இன்டர்கூலர் தாங்காது, முழு மிதியில் முதல் இரண்டு இழுப்புக்குப் பிறகு அதுவே அடுப்பு மாதிரி ஆகிவிடும். சூடான காற்று உள்ளே போனால் நாக்கிங் வரும், அதாவது மீதிக் கலவை பொறியின் தீ வந்து சேரும் முன்னரே தானாக வெடிக்கும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் இ.சி.யூ. இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தை, பின்னுக்கு இழுக்கும். ஆக பூஸ்டைக் கூட்டியும் பவர் கூடாமல், சூடு மட்டும் கூடிய நிலையில் நிற்கிறீர்கள். சில நேரம் பழைய பவரைவிடக் குறைவாகவே நிற்கிறீர்கள். டைனோ தாளைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள், "ஆனா மீட்டர்ல..." என்று ஆரம்பிப்பார்கள்.

இந்தச் சூட்டுப் பிரச்சினை இன்று நேற்று வந்ததும் இல்லை. டர்போ கார்கள் முதன்முதலில் ஷோரூமுக்கு வந்தது 1962-ல். அவற்றில் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் நாக்கிங்கை அடக்க தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்டேக்கில் தெளித்தார்கள், அதற்குத் தனி டேங்க், தீர்ந்துவிட்டால் பூஸ்டைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. ஓனர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. சுமார் 5 பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கே இந்தக் கதை.

இன்னொன்று. இன்றைய வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இ.சி.யூ. ஒரு டார்க் (சுழற்றும் விசை) இலக்கை வைத்துக்கொண்டு, எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடும் வேஸ்ட்கேட்டைத் திறந்து மூடி அந்த இலக்கைப் பிடிக்கிறது. நீங்கள் ஃபில்டரை மாற்றினால், சைலன்சரை மாற்றினால், அது வேஸ்ட்கேட்டைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து பழைய இடத்துக்கே வந்து நிற்கும். சத்தம் மாறும், டர்போ கொஞ்சம் சீக்கிரம் எழும்பலாம், அவ்வளவுதான். திறந்த கூம்பு ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையே உறிஞ்சும் என்பதால் நஷ்டமும் வரலாம். எண்ணெய் தடவிய ஃபில்டரைக் கழுவிவிட்டு எண்ணெயை அள்ளி ஊற்றுகிறவர்கள் தனி ரகம், அது காற்றோட்ட சென்சாரின் மெல்லிய கம்பியில் போய்ப் படிந்து அளவைக் கெடுக்கும்.

ப்ளோ-ஆஃப் வால்வு பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன், சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. காற்றோட்ட சென்சார் உள்ள வண்டியில், அளந்து முடித்த காற்றை நீங்கள் வெளியே விட்டுவிடுகிறீர்கள். இ.சி.யூ.வுக்கு அது தெரியாது, இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கலவையில் பெட்ரோல் அதிகமாகிறது. இதில் ஒரு குதிரைத்திறன்கூடக் கிடைக்காது. கம்பெனியில் வந்த வால்வின் டயாஃப்ரம் கிழிந்து பூஸ்ட் கசிந்தால் மாற்றுங்கள், அது பழுதுபார்ப்பு. சத்தம் பிடிக்கும் என்றால் "சத்தம் பிடிக்கும்" என்று சொல்லி மாட்டிக்கொள்ளுங்கள், எனக்குச் சண்டையே இல்லை. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் பட்பட்டென்று வெடிக்கிற மாதிரி ரீமேப் கேட்டு வருகிறவர்களுக்கும் இதேதான், ஆனால் அந்தத் தீ எரிவது உங்கள் டர்பைனிலும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரிலும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதற்குத்தான் செலவு செய்வது? எதையும் வாங்குவதற்கு முன், வண்டி இப்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இன்டேக் பாதையை அடைத்துக் காற்றை ஏற்றி, ஹோஸ் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் அடித்து லீக் பாருங்கள். பாதி வண்டிகளில் குமிழி வரும். தளர்ந்த ஒரு கிளாம்பு, நுணுக்கமாக விரிசல் விட்ட ஒரு ஹோஸ், அதை ஈடுகட்ட டர்போ வேகமாகச் சுற்றிச் சுற்றி ஓய்கிறது. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சின்ன டர்போக்களில் இரண்டு லட்சம்கூட, வெறும் ஆயில் படலத்தின் மேல் சுற்றுகிறது என்பதை மறந்துவிட்டு லீக்கோடு பூஸ்டை ஏற்றச் சொல்கிறார்கள். சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்துவிடுங்கள். ஏற்கெனவே ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தால் ரீமேப் கேட்காதீர்கள், கேட்டாலும் நான் செய்ய மாட்டேன்.

பிளக்கை மாற்றுங்கள். அழுத்தம் கூடக் கூட பொறி தாண்டுவது கடினம், அதனால் பவர் கூட்டும் எஞ்சினில் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து, ஒரு படி 'குளிர்ந்த' பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் பிளக், போடுவது வழக்கம். ஆயிலைக் கம்பெனி சொன்ன கடைசிக் கிலோமீட்டர்வரை இழுக்காமல் முன்னதாகவே மாற்றுங்கள். நேரடி இன்ஜெக்ஷன் டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தி மிதிக்கும்போது, பொறி வரும் முன்னரே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் கோளாறு உண்டு, ஆயிலில் சேர்க்கும் கால்சியம் அதைத் தூண்டும் காரணங்களில் ஒன்று. இதை மனதில் வைத்துத்தான் 2020-ல் ஏ.பி.ஐ. (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) வகுத்த எஸ்.பி. தர ஆயில்கள் வந்தன. டப்பாவில் உங்கள் மேனுவல் கேட்கும் தரம் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். பக்கத்து ஆள் என்ன ஊற்றுகிறார் என்பது தேவையில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால், பெரும்பாலான வண்டிகளுக்கு நான் முதலில் சொல்வது நல்ல இன்டர்கூலர். போட்ட அன்று பெரிதாக ஒன்றும் தெரியாது, அதனால்தான் யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் வெயிலில், ஏற்றத்தில், ஐந்தாவது இழுப்பிலும் முதல் இழுப்பில் கிடைத்த பவர் கிடைக்கும். அளவில் பேராசை வேண்டாம், மிகப் பெரியதை மாட்டி ரேடியேட்டருக்குக் காற்றை மறைத்தால் வேறு பிரச்சினை.

அடுத்து ரீமேப். டர்போ வண்டியில் போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான், எஞ்சினை அதிகம் கொல்வதும் இதுதான். உங்கள் வண்டியை ஓட்டி, லாக் (சென்சார் அளவுகளின் பதிவு) எடுத்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறவரிடம் மட்டும் செய்யுங்கள். பூஸ்ட் இலக்கு எவ்வளவு, வந்தது எவ்வளவு, இன்டேக் காற்றின் சூடு, ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எவ்வளவு பின்வாங்குகிறது, கலவை என்ன என்று அவர் காட்ட வேண்டும். காட்டாமல் குதிரைத்திறன் எண்ணை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்பை ஏற்றிவிட்டு 91 போட்டு ஓட்டுகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல. குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே டார்க் சுவர் மாதிரி எழும்ப வேண்டும் என்றும் கேட்காதீர்கள், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைவது பெரும்பாலும் அங்கேதான். உச்ச பவரில் எஞ்சின் போகும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், மெக்கானிக்குகள் பயப்படுவது 2,000 ஆர்.பி.எம்.மில் முழு மிதி மிதிக்கும் டிரைவருக்கு. டார்க் கூடினால் கம்பெனி கிளட்ச் நழுவ ஆரம்பிக்கும், அதற்கும் சேர்த்து இப்போதே கணக்குப் போடுங்கள். சென்சார் வயரில் சொருகும் டியூனிங் பாக்ஸ் இதற்கு மாற்று இல்லை. அதில் பலவும் இ.சி.யூ.விடம் உண்மையான அழுத்தத்தைக் குறைத்துச் சொல்கின்றன, அதாவது எஞ்சினைக் காக்க இருக்கும் காவலாளியின் கண்ணைக் கட்டிவிடுகின்றன.

டர்போவிலிருந்து எக்ஸாஸ்ட் வெளியேறும் முதல் குழாயான டவுன்பைப்பை மாற்றுவது உண்மையிலேயே பலன் தரும், டர்போவுக்குப் பின்னால் உள்ள தடை அங்கேதான். ஆனால் கன்வெர்ட்டரைப் பிடுங்கி எறிவது பெரும்பாலான நாடுகளில் குற்றம், பின்னால் வருகிறவன் மூச்சுக்கும் கேடு. எளிதாக ஓட்டம் விடும் கன்வெர்ட்டரோடு வருவதைப் பாருங்கள், சட்டம் அதை அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். டீசல் வண்டியில் கரும்புகை விட்டால் பவர் என்று நினைக்கிறவர்களே, அது எரியாமல் போன உங்கள் டீசல்.

பிரேக்கையும் டயரையும் பற்றி யாரும் கேட்பதே இல்லை. வேகம் 10 சதவீதம் கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் கூடுகிறது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155-க்கு இறங்கிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நல்ல பேட் போடுங்கள், தயவுசெய்து.

ஓட்டம் முடிந்ததும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக வந்து நிறுத்துங்கள், சிவக்கச் சூடான டர்போவுக்குள் ஆயில் நின்று கருகாது. காசே செலவில்லாத விஷயம் இது, அதனாலோ என்னவோ யாரும் செய்வதில்லை.

அந்த உடைந்த பிஸ்டன் வண்டிக்கு வருகிறேன். எஞ்சின் விளக்கு இரண்டு மாதமாக எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. அவர் ஒரு சின்ன ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் எஞ்சின் பதிவு செய்த பழுதுக் குறியீட்டை அழித்திருக்கிறார், என்னிடம் வரும் அன்று காலையிலும் அழித்துவிட்டுத்தான் வந்தார். என்ன குறியீடு என்று கேட்டேன். "ஏதோ மூணாவது சிலிண்டர் மிஸ்ஃபயர்னு வந்துச்சு அண்ணே." மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் கலவை சரியாக எரியாமல் போவது, என்று விளக்கு எரிந்தால் அழிக்காதீர்கள். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து பூஸ்டில் மிதிக்காமல் ஓட்டி, அப்படியே கொண்டு வாருங்கள்.