அயோவா வயலில் தொடங்கும் கடல் மூச்சுத்திணறல்

ஓரிரு ஆண்டுகள் தவிர, 1985 முதல் ஒவ்வொரு கோடையிலும் அமெரிக்காவின் லூசியானா கரையோரம் ஓர் ஆய்வுக் கப்பல் சுற்றிவருகிறது. மெக்சிகோ வளைகுடாவின் அடிநீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ உள்ள பரப்பை அளப்பது அதன் வேலை. 2017இல் அப்பரப்பு 22,720 சதுர கி.மீ. மீன்கள் விலகி நீந்திவிடும். சேற்றில் வாழும் புழுவும் சிப்பியும் எங்கே போகும்?

காரணம் ஆயிரம் கி.மீ.க்கும் மேல் வடக்கே, அயோவா, இல்லினாய் மக்காச்சோள வயல்களில் கிடக்கிறது. நைட்ரஜன் உரத்திலிருந்து உருவாகும் நைட்ரேட்டும் களிமண் துகளும் எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் மண் நைட்ரேட்டைப் பிடித்துவைக்காது. பயிர் வேர்விடும் முன்பே பெய்யும் வசந்தகால மழை, வயலடியில் பதித்த துளைக்குழாய்கள் வழியே நைட்ரேட்டை ஓடைக்குக் கடத்துகிறது. மிசிசிப்பி ஆறு அதைக் கடலில் சேர்க்கிறது. அங்கே நுண்பாசி பெருகி, மடிந்து, அடியில் படிகிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுதீர்க்கிறது. உப்புநீரின் மேல் சட்டி மூடிபோல மிதக்கும் ஆற்றுநீர், மேலிருந்து புது ஆக்சிஜன் இறங்கவிடுவதில்லை.

ஆறு சுமந்துவரும் நைட்ரேட்டைக் கணக்கிட, செறிவை நீரோட்ட அளவால் பெருக்க வேண்டும். நீரோட்டம் தினமும் கிடைக்கும். நீர் மாதிரியோ எப்போதாவதுதான் எடுக்கப்படும். இடைவெளியை, நீரோட்டமும் பருவமும் சேர்ந்த சமன்பாட்டால் நிரப்புகிறார்கள். வெள்ளம் ஏறும்போதும் வடியும்போதும் செறிவு வேறுபடும் என்பதால் ஏறும்போது மட்டுமோ வடியும்போது மட்டுமோ மாதிரி எடுத்தால் கணக்கு சாயும். வண்டலில் ஒட்டிவரும் இன்னொரு உரச்சத்தான பாஸ்பரஸுக்கு ஆற்றின் முழு அகலத்திலும் ஆழத்திலும் நீர் எடுத்தாக வேண்டும். நைட்ரேட் மாதிரியை உடனே வடிகட்டிக் குளிர்விக்காவிட்டால் பாக்டீரியா அதை மாற்றிவிடும்.

கடலில் சிக்கல் வேறு. ஆக்சிஜன் குறைந்த அடுக்கு சில இடங்களில் தரையை ஒட்டி மெல்லியதாகவே இருக்கும். கனமான கருவிச் சட்டத்தைத் தரையில் மோதாமல் மேலேயே நிறுத்துவதால், அடுக்கு தப்பிவிடக்கூடும். ஆகவே சிறு கையடக்கக் கருவியையும் சேற்றைக் கிளறாமல் இறக்குகிறார்கள். கருவியின் ஆக்சிஜன் உணரியைச் சரிபார்ப்பது பழைய விங்க்ளர் முறை: குப்பியின் அடிவரை குழாய் விட்டு நீர் வழியவிட்டு, மாங்கனீசு உப்பும் கார அயோடைடும் சேர்த்து, பின் அமிலமிட்டு, ஆக்சிஜனுக்கு ஈடாக வெளிவரும் அயோடினை தயோசல்பேட்டால் அளப்பது. 300 மி.லி. குப்பியில் 1 மி.லி. காற்றுக்குமிழி சிக்கிக் கரைந்தால் லிட்டருக்குச் சுமார் 0.9 மி.கி. கூடுதலாகக் காட்டும். எல்லையே 2 என்னும்போது அது சிறு பிழை அல்ல.

ஜூன் மாதத்தில், மே மாத நைட்ரேட் சுமையை வைத்துப் பல குழுக்களின் கணித மாதிரிகள் பரப்பை முன்கணிக்கின்றன. 2020இல் கணிப்பு 17,000 சதுர கி.மீ.க்கும் மேல், அளந்தது சுமார் 5,480. உரம் குறைந்துவிடவில்லை. ஹன்னா சூறாவளி நீரைக் கலக்கி மூடியை உடைத்திருந்தது. கப்பல் எடுப்பது ஒரே ஒரு வாரத்தின் படம்தான். எனவேதான் 2035க்கான இலக்கு, 5,000 சதுர கி.மீ.க்குக் குறைவு என்பது, ஐந்தாண்டுச் சராசரியாக வைக்கப்பட்டிருக்கிறது.