இருபது கேள்வியில் இரண்டாயிரம் ஆண்டு

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஞாயிறு இரவுகளில் நண்பர்கள் வீடியோ காலில் கூடி விளையாடுகிறோம். ஒருவர் ஏதாவது வரலாற்று நிகழ்வை நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் ஆம், இல்லை என்று பதில் வரும்படி இருபது கேள்விக்குள் கண்டுபிடிக்க வேண்டும். வரலாறு பக்கமே போகாத என் தம்பி ஜெயிக்கிறான், வரலாற்றில் எம்.ஏ. முடித்த நான் தோற்கிறேன். எப்படி?"

தம்பி பாதி பாதியாக வெட்டுகிறார். ஒரு கேள்வி இரண்டைப் பிரிக்கும், இரண்டு கேள்வி நான்கைப் பிரிக்கும். இப்படியே இருபது முறை இரட்டித்தால் 10,48,576. கி.பி. 1 முதல் இன்றுவரை கடந்த நாட்கள் ஏறத்தாழ 7,40,000தான். ஆக, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த 1806 ஜூலை 10 ஆகட்டும், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் இடிந்த 1755 நவம்பர் 1 ஆகட்டும், இந்த இரண்டாயிரம் ஆண்டில் எந்த நாளையும் இருபது கேள்வியில் பிடித்துவிடலாம். இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்த்தபோது நம்ப முடியாமல் மூன்று தடவை பெருக்கினேன்.

ஆனால் எதில் பாதி? நாட்காட்டியில் பாதி என்றால் முதல் கேள்வி, "கி.பி. 1013-க்கு முன்பா?" எங்கள் குழுவில் பெரும்பாலும் கடந்த 250 ஆண்டு நிகழ்வுகளைத்தான் நினைப்பார்கள். அதனால் "இல்லை" என்ற பதில் கேட்காமலே தெரிந்ததுதான். பாதி நாட்காட்டி போயிற்று, புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பதில் எவ்வளவு வியப்பைத் தருகிறதோ அவ்வளவே அதிலுள்ள தகவல் என்று அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948-இல் அளந்து காட்டினார். ஆம், இல்லை இரண்டுக்கும் சம வாய்ப்பு இருந்தால் அந்தக் கேள்வி ஒரு பிட் தரும்; பிட் என்பது தகவலை அளக்கும் அலகு. எட்டில் ஒரு முறைதான் "ஆம்" வரும் என்றால் சராசரியாக அரை பிட்டுக்குச் சற்று மேல். வெட்ட வேண்டியது வாய்ப்பை.

அதை எப்படி வெட்டுவது? எனக்கு மிகப் பிடித்த இடம் இது. 1951-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ராபர்ட் ஃபானோ தன் மாணவர்களுக்கு இரண்டு வழி கொடுத்தார்: இறுதித் தேர்வு எழுதலாம், இல்லையென்றால், சராசரியாக மிகக் குறைந்த ஆம்-இல்லைகளில் ஒன்றைக் குறிப்பது எப்படி என்ற கணக்கைத் தீர்த்துக் கட்டுரை தரலாம். அந்தக் கணக்கு ஃபானோவுக்கும் ஷானனுக்குமே முழுதாகப் பிடிபடாதது என்பதை அவர் சொல்லவில்லை. டேவிட் ஹஃப்மன் என்ற மாணவர் மாதக்கணக்கில் முட்டிமோதி, கைவிடப் போன நேரத்தில் விடை கண்டார். பெரியவர்கள் மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கீழிருந்து மேலே முடிச்சுப் போட்டார்.

விண்வெளிப் பைத்தியமான ஒரு நண்பர் நினைக்கக்கூடியவை நான்கு என்று வைப்போம். 1969-இல் நிலவில் மனிதன் இறங்கியதற்கு வாய்ப்பு ½, 1957 ஸ்புட்னிக் ¼, 1883 கிரக்கட்டோவா எரிமலை ⅛, லிஸ்பன் ⅛. இருப்பதிலேயே சிறிய இரண்டை, அதாவது எரிமலையையும் லிஸ்பனையும், ஒரே முடிச்சாகக் கட்டுங்கள்: ¼. அதை ஸ்புட்னிக்கோடு கட்டுங்கள்: ½. இப்போது அவிழ்த்துக்கொண்டே வாருங்கள். முதல் கேள்வி, "நிலவா?" இரண்டாவது, "ஸ்புட்னிக்கா?" மூன்றாவது, "எரிமலையா?" சராசரி 1.75 கேள்வி. இரண்டிரண்டாகப் பிரித்துக் கேட்டிருந்தால் எப்போதும் 2. இந்த முறையைவிடக் குறைந்த சராசரி சாத்தியமே இல்லை. 1952-இல் வெளியான இதே முடிச்சுதான் நீங்கள் நண்பர்களுக்கு அனுப்பும் ஜேபெக் படத்தையும் சுருக்குகிறது.

நாடி ஜோதிடத்திலும் இந்த வெட்டு நடக்கிறது. "அப்பா பெயர் ககர வரிசையா? அம்மா இருக்கிறாரா?" என்று ஏடு ஏடாகப் புரட்டிக் கேட்கிறார்கள், நாம் ஆம், இல்லை சொல்கிறோம். அரை மணி நேரத்தில் நம் வாயிலிருந்து போன பிட்டுகள் ஓலையிலிருந்து வந்ததாகத் திரும்புகின்றன. பணமும் கவலையுமாக வருகிறவர்களிடம் இதைச் செய்வது எனக்குக் கோபமூட்டுகிறது. பள்ளியில் ஒரு வகுப்பு இந்த ஆட்டத்தை விளையாட வைத்தால் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

பதில் சொல்பவர் தவறினால்? எங்கள் குழுவில் ஒருவர் தனுஷ்கோடிப் புயலை நினைத்திருந்தார். அது 1964 டிசம்பர். "1964-க்குப் பிறகா?" என்றதற்கு ஞாபகப் பிசகில் "ஆம்" என்றுவிட்டார். மீதிக் கேள்விகள் அத்தனையும் தவறான பாதிக்குள் அலைந்தன. கணிதவியலாளர் ஸ்டானிஸ்லா உலாம் இதையே கேட்டார்: பத்து லட்சத்தில் ஒன்றைக் கண்டுபிடிக்க, ஒரு பொய்க்கு இடம் கொடுத்தால் எத்தனை கேள்வி வேண்டும்? 24 கேள்வி என்றால் பொய் அவற்றில் ஏதாவதொன்றாக இருக்கலாம், பொய்யே இல்லாமலும் இருக்கலாம்; ஆக ஒவ்வொரு எண்ணுக்கும் 25 நிலைமை, மொத்தம் 2.5 கோடி. 24 பதில்களால் பிரிக்க முடிவதோ 1.68 கோடிதான். 25 கேள்வி என்றால் 2.6 கோடி நிலைமை, பிரிக்க முடிவது 3.36 கோடி. போதும் என்பதற்கான முழு நிரூபணம் 1987-இல் வந்தது. அந்தப் புயல் இரவுக்குப் பிறகு எங்கள் ஆட்டத்திலும் 25 கேள்விதான்.