துடைப்பதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள்: வீட்டில் செய்த பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்கள்

சென்ற குளிர்காலத்தில் ஒரு பெண்மணி, தம் தந்தையார் விட்டுச் சென்ற பெடல் ஸ்டீல் கிட்டாரை டெக்சஸில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். தந்தையார் விமானத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். வார இறுதிகளில் நடன அரங்குகளில் வாசித்தவர். கருவியில் எந்தப் பெயரும் இல்லை. நல்ல விலைக்குப் போகட்டும் என்று எண்ணிய உறவினர் ஒருவர், மரத்தை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார். அடிப்பகுதியில் துருப்பிடித்துக் கிடந்த கம்பிகளையும் கழற்றி எறிந்துவிட்டிருந்தார். அவர் எறிந்த கம்பிகளைத்தான் நான் முதலில் பார்க்க விரும்பியிருப்பேன். இத்தகைய இழப்பை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது காண்பதால் இதை எழுதுகிறேன்.

கோட்டுவாத்தியத்தில் கட்டையைத் தந்திகளின் மேல் நகர்த்தி வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு ஸ்டீல் கிட்டாரை விளக்குவது எளிது. இங்கே கையில் இருப்பது எஃகு உருளை. அதை எந்த இடத்தில் வைத்தாலும் தந்திகளுக்கு இடையிலான சுருதி உறவு மாறாது என்பதே அந்தக் கருவியின் எல்லை. அந்த எல்லையைக் கடப்பதற்காகக் காலால் மிதிக்கும் பெடல்கள் வந்தன. ஒரு பெடலை அழுத்தினால், குறிப்பிட்ட ஒன்றிரண்டு தந்திகளின் சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். 1940-லேயே கிப்சன் நிறுவனம் பெடல் வைத்த கருவியை விற்றது. ஆனால் 1954-இல் வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ இசைத்தட்டில், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை மிதித்துச் சுருதியை வளைத்த பிறகுதான், நாடெங்கும் ஸ்டீல் வாசித்தவர்கள் அந்த ஒலியைத் தேடி அலைந்தார்கள். ஐசக்ஸ் வைத்திருந்தது கலிஃபோர்னியாவில் பால் பிக்ஸ்பி கையால் செய்துகொடுத்த கருவி. அது எல்லோருக்கும் எட்டக்கூடியதாக இல்லை. எனவே கையில் அரமும் வீட்டில் துளைபோடும் எந்திரமும் வைத்திருந்தவர்கள், கோட் மாட்டும் கம்பி, சைக்கிள் பிரேக் கம்பி, கதவுக் கீல், வெல்டிங் கம்பி என்று கிடைத்ததைக் கொண்டு தாமே செய்துகொண்டார்கள்.

அதனால் இத்தகைய கருவியின் வரலாறு முகப்பில் இருப்பதில்லை. கருவியை மென்மையான துணியின் மேல் கவிழ்த்து வைத்து, பெடலிலிருந்து மேலேறும் கம்பி எந்தக் குறுக்குத் தண்டைத் திருப்புகிறது, அந்தத் தண்டு எந்த இழுகம்பியை இழுக்கிறது, அது குதிரையின் இடத்தில் உள்ள சேஞ்சரில் (தந்தியை இறுக்கியும் தளர்த்தியும் சுருதி மாற்றும் பொறியில்) எந்தத் தந்தியின் விரலை, அதாவது அந்தத் தந்தியைப் பிடித்திருக்கும் சிறு நெம்பை, அசைக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பாருங்கள். அந்த வழியை வரைந்துகொண்டால், செய்தவர் எந்தச் சுருதியில் வாசித்தார், எந்த ஆண்டுகளின் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். முறுக்காணிகளின் பக்கம் தந்திகளைத் தாங்கும் ‘நட்’ என்ற பட்டையில் வெட்டிய பள்ளங்களையும் பாருங்கள். பத்துத் தந்திக் கருவியில் மூன்றாவது தந்திக்கான பள்ளம் முதல் இரண்டைவிடக் குறுகலாக இருந்தால், அது 1960-களின் தொடக்கத்தில் பட்டி எமன்ஸ் என்ற ஸ்டீல் கலைஞர் எஃப் ஷார்ப், டி ஷார்ப் சுரத் தந்திகளை முன்னால் சேர்த்த பிறகு பரவிய ஈ-நைன்த் என்ற சுருதி அமைப்பாக இருக்க வாய்ப்புண்டு. எட்டே தந்திகளும் இரண்டு பெடல்களும் மட்டும் இருந்து, முழங்காலால் தள்ளிச் சுருதி மாற்றும் நெம்புகோல் ஒன்றும் இல்லாவிட்டால், பெரும்பாலும் அதற்கு முந்தைய சிந்தனை.

ஒலியளவுத் திருகின் பின்புறத்தில் பொறித்த எண்ணும் உதவும். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ்., 304 என்று தொடங்கினால் ஸ்டாக்போல் தயாரிப்பு. 1376412 என்றால் 1964-ஆம் ஆண்டின் 12-ஆம் வாரத்தில் செய்த உதிரி. ஆயினும் அது உதிரியின் வயதுதான், கருவியின் வயது அன்று. ஈயப் பற்று பிற்காலத்தில் மீண்டும் வைக்கப்பட்டதாகத் தெரிந்தால், அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பெயர்ப்பலகை இல்லாததெல்லாம் வீட்டில் செய்ததும் அன்று. இண்டியானாபொலிஸில் ஹார்லின் சகோதரர்கள் விற்ற மல்ட்டி-கார்ட் கருவி, தகடு விழுந்துவிட்டால், பட்டறையில் ஒட்டுப்போட்டது போலவே தோன்றும். ஃபெண்டரின் 1000, 400 மாதிரிகளில் பெடல்கள் கேபிள் வழியாக இயங்குவதைப் பார்த்துவிட்டு, ‘யாரோ சைக்கிள் கம்பி கட்டியிருக்கிறார்கள்’ என்று ஒதுக்கியவர்களையும் கண்டிருக்கிறேன். மறுபுறம், பறவைக்கண் மேப்பிள் மரத்தையும் வார்ப்பு அலுமினியத்தையும் கண்டவுடன் பிக்ஸ்பி என்று நம்பி வருபவர்கள் அதிகம். பிக்ஸ்பி செய்தவை மிகக் குறைவு, அவற்றின் விலையோ பல்லாயிரம் டாலர். அந்தப் பெயரைச் சொல்வதற்கு முன் ஒவ்வொரு உலோகப் பாகத்தையும் உறுதியான பிக்ஸ்பி ஒன்றுடன் ஒப்பிட்டாக வேண்டும்.

விலை என்று வரும்போது குடும்பத்தாரிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்று வாசிப்பவர்கள் பத்துத் தந்தி, மூன்று பெடல், நான்கு முழங்கால் நெம்புகோல் என்ற அமைப்பில் பழகியவர்கள். அதற்கு ஒவ்வாத, மிதித்துவிட்டபின் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாத கருவியை அவர்கள் வாசிப்பதற்காக வாங்கமாட்டார்கள். எனவே பெயரற்ற கருவி பெரும்பாலும் சில நூறு டாலரைத் தாண்டுவதில்லை. சீர்செய்யும் கூலியே அதைவிடக் கூடிவிடும். விதிவிலக்குகள் இரண்டு. ஒன்று, அதில் பொருத்திய பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) பழைய பிக்ஸ்பியோ கிப்சனோ ஃபெண்டரோ ஆக இருப்பது; அப்போது பிக்கப்பின் விலை மற்ற பாகங்களின் மொத்த விலையை மிஞ்சக்கூடும், பிரித்து விற்பவர்கள் வருவதும் அதற்காகத்தான். மற்றொன்று, யார் செய்தது, யார் எங்கே வாசித்தது என்பதற்குப் படமோ கடிதமோ ரசீதோ இருப்பது. ‘அப்பா ஒரு பெரிய பாடகருடன் வாசித்தார்’ என்ற சொல்லை நான் மதிக்கிறேன், ஆனால் அதற்கு விலை போட முடியாது. மேடையில் அதே கருவியுடன் அவர் இருக்கும் படத்துக்குப் போடலாம். ஆகவே பெட்டியின் உட்புறத் துணி, அதில் கிடக்கும் தாள்கள், தேய்ந்த எஃகு உருளை, விரல் பிக்குகள் எதையும் குப்பையில் போடாதீர்கள். பழைய தந்திகளையும் அறுக்க வேண்டாம். மெல்ல முறுக்கைத் தளர்த்தி, எது எந்த இடத்தில் இருந்தது என்று குறித்து வையுங்கள்.

அந்தப் பெண்மணியின் கருவிக்கு நான் எழுதிக்கொடுத்த மதிப்பு 250 டாலர். சேஞ்சரின் விரல்கள் ஒவ்வொன்றும் ஒரே அளவில், அரத்தின் தடம் தெரியாமல் இழைக்கப்பட்டிருந்தன. அவ்வளவு துல்லியம் தொழிற்சாலைக் கருவிகளில்கூட எப்போதும் இருப்பதில்லை. அவை எதை எவ்வளவு இழுத்தன என்பது மட்டும் தெரியவில்லை. மறுவாரம் அவர் தந்தையாரின் கருவிப்பெட்டியிலிருந்து ஒரு பழுப்புத் தாளை எடுத்து வந்தார். அதில் பென்சிலால் பத்துக் கோடுகளும், மூன்று பெடல்களும், எந்தத் தந்தி எவ்வளவு ஏற வேண்டும் என்ற குறிப்புகளும் இருந்தன. வெல்டிங் கம்பியை வாங்கி, அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வளைத்துக்கொண்டிருக்கிறேன். மதிப்புச் சான்றிதழோடு தாளின் நகலையும் இணைத்துவிட்டேன்.