ஊசியில் ஏறிய டெஸ்டோஸ்டிரோனைக் கார்பன் காட்டிக்கொடுக்கும் கதை

"டெஸ்டோஸ்டிரோன் நம் உடம்பிலேயே சுரக்கிற சரக்குதானே? அதையே ஒரு வீரர் ஊசியில் ஏற்றிக்கொண்டால், இது சொந்தச் சரக்கு, இது வெளிச் சரக்கு என்று எப்படிப் பிரிப்பார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தசையை வளர்க்கும் இந்த ஆண் ஹார்மோன் ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது; வீரர்கள் இதை ஏற்றிக்கொள்ளத் தடை உண்டு. ஸ்டீராய்டு பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை தடை சரியா தவறா என்பதாகவே இருக்கும். இவர் நேராக வேதியியலில் கைவைத்துவிட்டார்.

1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சன் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அவர் சிறுநீரில் அகப்பட்டது ஸ்டானோசொலோல் என்ற செயற்கை ஸ்டீராய்டு. மனித உடல் அதைத் தயாரிப்பதே கிடையாது. தடயம் இருந்தாலே மாட்டிக்கொண்ட மாதிரிதான். டெஸ்டோஸ்டிரோன் அப்படியல்ல. 1935-இலேயே அதை ஆய்வகத்தில் தயாரித்துவிட்டார்கள். அதுவும் உடலில் சுரப்பதும் அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறு. தசைச் செல்லுக்குள் போய், ஏற்பியோடு ஒட்டி, டிஎன்ஏ வழியாகப் புரத உற்பத்தியை முடுக்குவதில் இரண்டுக்கும் துளி வேறுபாடில்லை.

முதல் சல்லடை ஒரு விகிதம். டெஸ்டோஸ்டிரோனுக்கு எபிடெஸ்டோஸ்டிரோன் என்றொரு இரட்டைப் பிறவி உண்டு. தசை வளர்ப்பதில் அதற்குப் பங்கில்லை. பெரும்பாலானோரின் சிறுநீரில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். முதலாவது மட்டும் 4 மடங்காக எகிறினால் சந்தேகம். ஆனால் யூஜிடி2பி17 என்ற மரபணு இல்லாதவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சிறுநீரில் வருவதே சொற்பம். அவர்கள் ஊசி போட்டுக்கொண்டும் சல்லடையில் தப்பலாம். ஊசியே தொடாத சிலருக்கோ பிறவியிலேயே விகிதம் கூடுதல். ஆக, இதை மட்டும் நம்பி ஒருவரின் பதக்கத்தைப் பறிக்க முடியாது.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கார்பனில் எடை 12 உள்ள அணுக்களே பெரும்பான்மை; சுமார் 1.1 சதவீதம் மட்டும் எடை 13. ஒளிச்சேர்க்கையின்போது கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ருபிஸ்கோ என்ற நொதிக்குக் கனமான 13 அவ்வளவாகப் பிடிக்காது. நெல், கோதுமை, சோயா இலைகளில் காற்று தாராளமாக வந்துபோவதால், அந்த நொதி சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவரைப் போல 12-ஐப் பொறுக்கிக்கொண்டு 13-ஐ ஒதுக்குகிறது. மக்காச்சோளமும் கரும்பும் வேறு ரகம். அவற்றில் இன்னொரு நொதி முதலில் கார்பனைப் பிடித்து, உள்ளே இருக்கும் மூடிய செல்லுக்குள் தள்ளிவிடுகிறது. ருபிஸ்கோவுக்கு அங்கே பொறுக்கும் வசதி இல்லை, இலையில் விழுந்ததைச் சாப்பிட்டாக வேண்டும். அதனால் இந்தச் செடிகளில் 13 சற்று அதிகம்.

மருந்துக்கான டெஸ்டோஸ்டிரோனைப் பெரும்பாலும் சோயா போன்ற செடிகளில் உள்ள ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளிலிருந்து செய்கிறார்கள். அதாவது 13 குறைந்த கார்பன். நாமோ இரண்டு வகைச் செடிகளையும், அவற்றைத் தின்ற விலங்குகளையும் கலந்து சாப்பிடுகிறவர்கள். நம் உடல் செய்யும் ஹார்மோனில் அந்தக் கலவையின் முத்திரை இருக்கும்.

ஆய்வகத்தில் சிறுநீரிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைத் தனியே பிரித்து எரிக்கிறார்கள். ஆமாம், எரித்தே விடுகிறார்கள். வரும் கார்பன் டை ஆக்சைடில் எடை 44 (கார்பன் 12 உள்ளது) எவ்வளவு, 45 (கார்பன் 13 உள்ளது) எவ்வளவு என்று நிறை நிறமாலைமானி எண்ணுகிறது. அதே சிறுநீரில் உள்ள, உடல் தானே உண்டாக்கும் பிரெக்னேன்டையால் என்ற இன்னொரு ஸ்டீராய்டையும் இப்படி எரிப்பார்கள். டெஸ்டோஸ்டிரோனை ஊசியில் ஏற்றினாலும் பிரெக்னேன்டையாலின் கார்பன் மாறாது. அதனால் அதுவே உரைகல். 13-இன் விகிதத்தில் இரண்டுக்கும் இடைவெளி ஆயிரத்துக்கு 3 பங்கைத் தாண்டினால், சரக்கு வெளியிலிருந்து வந்தது என்று பொருள். 10 லட்சம் கார்பன் அணுக்களில் 13 என்பதே சுமார் 11,000தான்; அதில் ஆயிரத்துக்கு 3 என்றால் ஏறத்தாழ 33 அணுக்களின் வித்தியாசம் இது! 2006 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயப் பட்டத்தை ஃபிலாய்ட் லாண்டிஸ் இழந்த வழக்கில் இந்தச் சோதனையும் ஒரு முக்கிய சாட்சி.

செடிகளின் கார்பன் கணக்கை முதலில் போட்டவர்கள் புவிவேதியியலாளர்களும் தாவரவியலாளர்களும். விளையாட்டு அவர்கள் நினைப்பிலேயே இருந்திருக்காது. "இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதியைக் குறைக்கிறவர்களிடம் நான் வழக்கமாகச் சொல்லும் உதாரணம் இதுதான். "செடியிலிருந்து எடுத்தது, இயற்கையானது, கெடுதல் செய்யாது" என்று பொடி விற்கிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம். ஊசி மருந்தும் செடியிலிருந்து வந்ததுதான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை 'போதும்' என்று சமிக்ஞையை நிறுத்தும், விரைகள் சுருங்கும், விந்து உற்பத்தி படுத்துவிடும்.

ஸ்டீராய்டை எல்லோருக்கும் அனுமதித்துவிட்டால் போட்டி சமமாகிவிடும் என்கிற வாதத்தை நான் ஏற்பதில்லை. ஒரே அளவு மருந்துக்கு எல்லா உடலும் ஒரே மாதிரி வளர்வதில்லை. அடுத்தவரை முந்த அளவைக் கூட்டத்தான் தோன்றும். கிழக்கு ஜெர்மனியில் பதின்வயதுப் பெண்களுக்கு ஓரல் டூரினபோல் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வைட்டமின் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதில் தடித்துப்போன குரல் பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

கார்பன் சோதனையிலும் ஓட்டை உண்டு. சோறும் கோதுமையுமே உணவாகக் கொண்டவரின் உடல் கார்பன் சோயாவை நெருங்கிவிடும், இடைவெளி சுருங்கும். தட்டு நிறைய மக்காச்சோளமும் கரும்புச் சர்க்கரையும் வைத்துச் சாப்பிடுகிறவர் ஊசி போட்டால்தான் பளிச்சென்று மாட்டுவார்.