முதன்மை எண்ணா, பகா எண்ணா?

பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி போன கிழமை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சேர், யூடியூப்பில ஒரு அண்ணா பகா எண், பகா எண் எண்டு சொல்லிக்கொண்டே போறார். எங்கட புத்தகத்தில அப்பிடி ஒண்டும் இல்லையே?" தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். காரணி இருக்கிறது, மடங்கு இருக்கிறது, பொ.கா.பெ. (பொதுக் காரணிகளுட் பெரியது) இருக்கிறது, பகா மட்டும் இல்லை.

பதில் ஒரு வரிதான். இலங்கையில் நாங்கள் முதன்மை எண் என்பதைத் தமிழ்நாட்டில் பகா எண் என்கிறார்கள். 1ஐ விடப் பெரியதாய், 1ஆலும் தன்னாலும் மட்டும் மீதியில்லாமல் வகுபடும் எண்: 2, 3, 5, 7, 11, 13 இப்படியே போகும். 4, 6 போல வேறு எண்களாலும் வகுபடுவதை நாங்கள் சேர்த்தி எண் என்போம், அது அவர்களுக்குப் பகு எண். நம் பொ.கா.பெ. அங்கே மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி). ஒரே சாமான், இரண்டு கடை. ஆனால் அந்த ஒரு வரியோடு அவளை அனுப்பிவிட்ட பிறகு எனக்குத்தான் மனம் ஆறவில்லை, ஏனென்றால் இந்த இரண்டு சொல்லும் ஒரே எண்ணைச் சுட்டினாலும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை.

முதலில் நம்முடைய சொல். முதன்மை என்றால் முதலாவதாக இருப்பது, தலைமையானது. ஆங்கிலத்தில் பிரைம் என்கிறார்களே, அதன் நேர் மொழிபெயர்ப்பு இது. அந்தப் பிரைம் லத்தீனில் பிரைமஸ், அதற்கு முன்னே கிரேக்கத்தில் புரோட்டோஸ், எல்லாவற்றுக்கும் பொருள் முதலாவது. கிரேக்கக் கணிதர் யூக்கிளிட் கி.மு. 300 அளவிலேயே இந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார், அலகு ஒன்றால் மட்டுமே அளக்கப்படும் எண் என்பது அவருடைய வரைவிலக்கணம். மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கிப் பிறப்பவை, ஆகவே இவை முதல். 60 என்பது 2 × 2 × 3 × 5. அந்த 2, 3, 5 எதிலிருந்தும் பிறக்கவில்லை. நல்ல கருத்துத்தான். ஆனால் பிள்ளையின் காதில் அது அப்படி விழுவதில்லை. முதன்மை என்றால் முக்கியமானது என்று எடுத்துக்கொண்டு, "சேர், பத்து முக்கியமான எண் தானே, அது ஏன் முதன்மை இல்லை?" என்று கேட்ட ஆறாம் ஆண்டுப் பையனும் எனக்கு வாய்த்திருக்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தச் சொல்லுக்குள் வகுத்தல் என்ற பேச்சே கிடையாது.

பகா அப்படி இல்லை, சொல்லிலேயே செய்கை இருக்கிறது. பகு என்பது பிரி, பங்கிடு. பகாதது பகா. ஈறு கெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள், வாடா மலர், பகா எண். திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போனால் 7 கிணறு இருக்கிறதா, அதை வருகிறவர்களுக்குச் சமமாகப் பிரித்துக்கொடுக்கப் பாருங்கள். ஒருவருக்கே ஏழும், இல்லையென்றால் ஏழு பேருக்கு ஒவ்வொன்று. நடுவில் வழியே இல்லை. ஒரு கிணறு தூர்ந்து ஆறாகப் போயிருந்தால் இரண்டு பேருக்கு மூன்று, மூன்று பேருக்கு இரண்டு என்று எப்படியும் சமாளித்திருக்கலாம்.

இந்தப் பகு என்ற வேர் சும்மா ஒரு மூலையில் கிடக்கிற வேர் அல்ல, நாம் நாள் முழுக்கப் பேசுகிற சொல்லில் பாதி அதிலிருந்து வந்ததோ என்று தோன்றும். அந்தப் "பாதி" என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். பகுதி, பகிர்வு, பங்கு, ஆண்பால் பெண்பால் என்கிற பால், எல்லாம் ஒரு குடும்பம். கரைவலை இழுத்து முடித்துக் கடற்கரையில் பங்கு பிரிக்கிறார்களே, அந்தப் பங்கும் இதுதான். பகலும் இதே வேர். பகலுக்குப் பிரிவு என்ற பொருள் இருந்ததற்குத் திருக்குறளே சாட்சி. இகல் என்ற அதிகாரத்தின் முதற்குறளில் (851) "பகல் என்னும் பண்பின்மை" என்று வருகிற இடத்தில் பகல் என்பது வெயில் அடிக்கிற பகல் அல்ல, மனிதர் ஒருவரோடொருவர் சேராமல் பிரிந்து நிற்பது.

ஆனால் எனக்கு இதில் மிகவும் பிடித்தது இலக்கணப் பக்கம். எண்ணைப் பகு, பகா என்று பிரிப்பதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே தமிழ் தன் சொற்களை அப்படிப் பிரித்துவைத்துவிட்டது: பகுபதம், பகாப்பதம். செய்தான் என்பதைச் செய் + த் + ஆன் என்று உடைக்கலாம், அது பகுபதம். நிலம், நீர் என்பவற்றை உடைக்க முடியாது, அவை பகாப்பதம். சரி, உடைக்க முடியாது என்றால் என்ன? நி தனியே, லம் தனியே என்று வாயால் உடைக்கலாமே? 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இதற்குச் சொன்ன பதில் இரண்டே சொல்: "பகுப்பாற் பயனற்று". பிரித்தால் பயன் இல்லை, ஆகவே பகாப்பதம்.

இதை அப்படியே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் வழக்கமாகக் கேட்கிற குதர்க்கம் ஒன்று உண்டு: "சேர், 7ஐ 7 × 1 எண்டு பிரிக்கலாமே, பிறகு எப்பிடிப் பகா?" பிரிக்கலாம், பயன் என்ன? பிரித்த பிறகும் அதே 7 அங்கே குந்திக்கொண்டிருக்கிறது. பகுப்பாற் பயனற்றது. கணிதப் பாடநூலில் வைக்க வேண்டிய விளக்கம் இலக்கண நூலில் இருக்கிறது.

அதற்காகப் பகா குறையே இல்லாத சொல் என்று சொல்ல வரவில்லை. 1 இருக்கிறதே. அதுவும்தான் பகாது. சொல்லின்படி பார்த்தால் அதையும் சேர்க்க வேண்டும், முதன்மையின்படி பார்த்தால் இன்னும் மோசம், அதைவிட முதலாவது எது? ஆனாலும் 1ஐ வெளியே வைக்கிறோம். உள்ளே விட்டால் 60ஐ 2 × 2 × 3 × 5 என்றும் எழுதலாம், முன்னால் எத்தனை 1 வேண்டுமானாலும் போட்டும் எழுதலாம், ஒரு எண்ணுக்கு ஒரே ஒரு காரணிப் பிரிப்பு என்ற அழகு போய்விடும். இதை எந்தச் சொல்லும் சொல்லித்தராது, தனியே மனதில் வைக்க வேண்டியதுதான்.

இனி இருபடிக்கு வருவோம். எண்ணும் எழுத்தும் சேர்ந்த அட்சரகணிதக் கோவைகளுக்குள் போனால்தான் இந்தச் சொற்களின் பலம் தெரியும். (இருபடி என்ற சொல்லும் அருமையானது. குவாட்ரட்டிக் என்ற ஆங்கிலச் சொல் சதுரத்தைக் குறிக்கும் லத்தீனிலிருந்து வந்தது, அதற்குள் நாலு ஒளிந்திருப்பதால் ஆங்கில மூலத்தில் படிக்கிற பிள்ளை நாலாம் படி என்று மயங்கும். நம் பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்லை, இரண்டு படி, முடிந்தது.) தெரியாக் கணியத்தை அ என்று வைப்போம், அட்சரகணிதம் என்ற பெயருக்கு அதுவே பொருத்தம். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

அ² − 8அ + 15 ஒரு முதன்மை எண்ணாக வரவேண்டும். அ ஒரு நிறைவெண். அ என்னவாக இருக்கலாம்?

காரணிப்படுத்தினால் (அ − 3)(அ − 5). உடனே பிள்ளைகளில் பாதிப்பேர் பேனையை வைத்துவிடுவார்கள். இரண்டு காரணியாக உடைந்துவிட்டதே, இனி எப்படி முதன்மை எண் வரும்? அங்கேதான் விஷயம். கோவை பகும், ஆனால் அதன் பெறுமானம் பகாமல் இருக்கலாம், காரணிகளில் ஒன்று 1 ஆகவோ −1 ஆகவோ சுருங்கிப்போனால். அ − 5 = 1 என்றால் அ = 6, விடை 3 × 1 = 3. இதைப் பிடித்தவர்கள் சந்தோஷமாகக் கோடு கீறிவிடுவார்கள். மறை எண்களின், அதாவது கழித்தல் குறி உள்ளவற்றின் பக்கம் மறந்துபோகும். அ − 3 = −1 என்றால் அ = 2, (−1) × (−3) அதுவும் 3. மிச்சம் இருக்கிற இரண்டு வாய்ப்பிலும் அ = 4 வருகிறது, பெறுமானம் −1, அது ஆகாது. ஆக விடை 2, 6. அந்த 2ஐத் தவறவிடாத பிள்ளையை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மறுபுறமும் ஒன்று உண்டு, கோவை பகாது, பெறுமானம் பகும். கணிதர் ஒயிலர் 1772இல் எடுத்துக்காட்டிய கோவை அ² − அ + 41. அதையே ஒரு இடம் தள்ளி அ² + அ + 41 என்று வைத்துக்கொள்வோம், 0இலிருந்து தொடங்க வசதி. பிரதியிட்டுப் பாருங்கள்: 41, 43, 47, 53, 61, 71. இடைவெளி 2, 4, 6, 8, 10 என்று ஏறுவதைக் கவனித்தால் பெருக்கவே வேண்டாம், கூட்டிக்கொண்டே போகலாம். அ = 39 வரைக்கும், அதாவது தொடர்ந்து 40 தடவை, முதன்மை எண்ணாகவே வரும். கடைசியாக வருவது 1601. இதை வெண்பலகையில் எழுதத் தொடங்கினால் பத்துப் பதினைந்து வரிக்குப் பிறகு, "சேர், எப்பவும் முதன்மை எண்தான் வரும், நிறுவியாச்சு" என்று ஒரு குரல் வரும். 40ஐப் போடச் சொல்லுவேன். 1600 + 40 + 41 = 1681. அது 41 × 41. வகுப்பே "ஆ" என்னும்.

இந்தக் கோவைக்கு விகிதமுறு எண்களில் காரணி கிடையாது, காரணி உண்டா என்று காட்டும் தன்மைகாட்டி 1² − 4 × 41 = 1 − 164 = −163, மறை. இதை முதன்மைக் கோவை என்று சொன்னால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. பகாக் கோவை என்று சொல்லுங்கள், சொன்னவுடன் விளங்கும். உடையாது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் முதன்மையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பகாவையே வைத்துக்கொள்ளலாமா? நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். இல்லை. மேற்படிப்புக்குப் போனால் இந்த இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு கருத்து. பிரிக்க முடியாதது ஒன்று. இன்னொன்று, ஒரு பெருக்கத்தை வகுத்தால் அந்தப் பெருக்கத்தின் ஏதாவது ஒரு காரணியையாவது வகுத்தே தீருவது. நமது சாதாரண எண்களில் இரண்டும் ஒரே எண்ணில் வந்து பொருந்துவதால் வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் நிறைவெண்களோடு √−5ஐயும் சேர்த்த ஓர் எண் உலகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே 6ஐ 2 × 3 என்றும் எழுதலாம், (1 + √−5)(1 − √−5) என்றும் எழுதலாம். அங்கேயும் 2 பகாது. ஆனால் அந்த இரண்டாவது பெருக்கத்தின் எந்தக் காரணியையும் அது வகுப்பதில்லை. அதாவது அங்கே 2 பகா, ஆனால் முதன்மை அல்ல. ஆங்கிலத்தில் இதற்கு வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் யாரும் திட்டம் போடாமலே கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு சொல்லும் தயாராகக் கிடக்கிறது. ஒன்றைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

ஒயிலரின் கோவை அந்த 40 எண்ணுக்கு அடம்பிடித்து நிற்பதற்கும் இதுதான் காரணம் என்பது கூடுதல் சுவாரசியம். தன்மைகாட்டியாக வந்த அந்த −163 தருகிற எண் உலகத்தில் பகாதது எல்லாம் முதன்மையே, √−5இல் நடந்த குழறுபடி அங்கே நடப்பதில்லை. இந்தத் தொடர்பை 1913இல் ரபினோவிச் என்ற கணிதர் நிறுவினார். உயர்தரத்துக்கும் அப்பால் உள்ள சங்கதி, வகுப்பில் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளைகள் விடைத்தாளில் முதன்மை எண் என்றே எழுதுங்கள், நம் பாடநூலின் சொல் அதுதான், பகா என்று எழுதிவிட்டுத் திருத்துகிறவர் ஏற்றுக்கொள்வாரா மாட்டாரா என்று விடை வருமட்டும் யோசித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுக் காணொளி பார்க்கும்போது மனதுக்குள் மாற்றிக்கொண்டால் போதும். கேள்வி கேட்டு வந்தவளுக்கு அ² + அ + 41ஐக் கொடுத்து, 41க்குப் பதிலாக 17ஐப் போட்டால் எது வரைக்கும் நிற்கும் என்று பார்த்துவரச் சொன்னேன். 15 வரை நின்று 16இல் 289 ஆக உடைந்தது, 17 × 17 என்று எழுதி, பக்கத்திலேயே பென்சிலால் "பகுந்திட்டுது சேர்" என்று குறித்துக்கொண்டு வந்திருந்தாள்.